முதலில் குருப்பா

பெலெம் நகரில் மழைக்கு ஒரு நேரம் உண்டு.
மழைக்கு முன்னா பின்னா என்று கேட்டுக்கொண்டுதான்
இங்கே ஒருவரை ஒருவர் சந்திக்கிறோம்.
நான் மழைக்குப் பின் வருகிறவள்.
ஐந்தாம் மாடி, எலும்பு மஜ்ஜை வார்டு.
பல் மருத்துவர்தான்;
ஆனால் இந்த மாடியில் ஒரு பல்லையும்
பிடுங்கியதில்லை.
பையில் இருப்பது பேனாவைவிடத் தடித்த ஒரு கோல்,
அதன் முனையில் மிளகளவு சிவப்பு எல்.இ.டி.

ஏழாம் படுக்கையில் வால்டெனோர்.
படகுத்துறையில் ஊர்ப்பெயர் கூவி
ஆள் ஏற்றுகிறவர்.
இருபத்தாறு வருஷம்
இஞ்சின் இரைச்சலுக்கு மேலே, ஒலிபெருக்கி இல்லாமல்.
வாயால் பிழைத்தவர்.
மருந்து அவர் மஜ்ஜையைக் கழுவித் துடைத்தது,
போகிற போக்கில் வாயையும் உரித்துவிட்டது.
உதட்டின் உட்புறம் வெந்த தோல்.
நாக்கோரத்தில் வெள்ளைத் திட்டுகள்.
எச்சில் விழுங்கக்கூட மார்ஃபின்.
முன்பே கூப்பிட்டிருக்க வேண்டும் என்னை;
புண் வந்த பிறகு கூப்பிட்டார்கள்.

கோலுக்கு மெல்லிய பிளாஸ்டிக் உறை.
அவருக்கொரு கறுப்புக் கண்ணாடி, எனக்கொன்று.
கடற்கரைக்குக் கிளம்பிய இருவர் மாதிரி இருந்தோம்.
சுடுமா, என்று சிலேட்டில் எழுதினார்.
சுடாது.
சுடாத விளக்கு என்ன செய்யும்?
செல்லுக்குள் ஒரு சின்ன இஞ்சின் ஓடுகிறது,
இந்தச் சிவப்பு அதற்கு டீசல் என்றேன்.
எல்லோரிடமும் சொல்கிற பொய் அது,
முழுப் பொய்யும் இல்லை.
அவர் எழுதினார்:
டீசல் விலை ஏறிவிட்டதே.

பன்னிரண்டு இடம். இடத்துக்கு ஒரு நிமிஷம்.
வலது கன்னம், இடது கன்னம், நாக்கின் அடி,
அண்ணத்துக்குக் கொஞ்சம் முன்னால்.
கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவர் மனைவி ஓஸ்மரினா
முகக்கவசத்தோடு நின்று பார்ப்பாள்.
ஒளி வைத்த கன்னம் வெளியே சிவக்கும்,
உள்ளே யாரோ குடிவந்ததுபோல.

ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது
வாய் திறந்து கிடப்பவருக்குத்தான் தெரியும்.
எண்களை வெறுத்தார்.
அதனால் இரண்டாம் நாளிலிருந்து
அவருடைய ஊர்களைச் சொன்னேன், இடத்துக்கு ஓர் ஊர்:
ப்ரேவெஸ், குருப்பா, அல்மெய்ரிம், பிரையிஞ்ஞா,
மோன்ச்சி அலெக்ரி, சந்தாரெம்.
ஆற்றில் மேலேறப் போக ஆறு,
திரும்பி வர ஆறு.
ஒவ்வோர் ஊருக்கும்
போர்வைக்குமேல் ஒரு விரல் தூக்குவார்,
ஆள் இறங்கியாயிற்று என்பதுபோல.
வலி அதிகமான நாளில்
மோன்ச்சி அலெக்ரியோடு படகை நிறுத்திவிட்டோம்.

பதினோராம் நாள் மழை நேரம் தவறியது,
நானும்.
நனைந்து ஓடிவந்து, மூச்சு அடங்காமல்,
ப்ரேவெஸ் என்றேன்.
அடுத்தது அல்மெய்ரிம் என்றேன்.
விரல் எழவில்லை.
இன்னொரு முறை சொன்னேன்.
கோலைக் கையால் ஒதுக்கிவிட்டு,
துருப்பிடித்த கதவு திறக்கிற குரலில்,
"முதலில் குருப்பா" என்றார்.

கண்ணாடிக்கு அப்பால்
ஓஸ்மரினாவுக்குச் சத்தம் கேட்டிருக்காது.
உதடு அசைந்ததைப் பார்த்துவிட்டாள்.
நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டாள்.

அன்று காலைதான்
அவர் வெள்ளணுக்கள் அறுநூறைத் தொட்டிருந்தன.
தானம் வந்த மஜ்ஜை வேர்விட்டால்
வாய்ப்புண் தானாகவும் ஆறும்.
யார் ஆற்றியது?
யாரோ ஒருவர் அனுப்பிய செல்களா,
என் மிளகளவு விளக்கா,
இரண்டும் கைகோத்தா?
ஆய்வுகள் விளக்கின் பக்கம் பேசுகின்றன.
ஏழாம் படுக்கை எனக்கு எதையும் நிரூபிக்கவில்லை.
குறிப்பேட்டில், புண் நான்கிலிருந்து இரண்டாம் நிலை,
என்று மட்டும் எழுதினேன்.
குருப்பாவை எழுத அதில் கட்டம் இல்லை.

அவர் நிறுத்தவில்லை.
குருப்பாவில் இரண்டு மணி நேரம் படகு நிற்கும்,
இறால் விற்பார்கள்,
அதை விட்டுவிட்டுப் போனால்
பயணிகள் என்னை உதைப்பார்கள்,
நீ படகில் ஏறியதே இல்லையா?

இன்னும் பத்து இடம் பாக்கி.
அந்த வார்டில் முதல்முறையாக
அவரிடம் சொல்ல வேண்டி வந்தது:
பேசாதீர்கள், வாயைத் திறங்கள்.